தலைப்புச் சரிதானே?

வாசிக்காமல் வாழ்த்துபவர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்கு அவரைத் தெரியும். பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கொரு முறை ஆய்வு நாள் வருமே, மாணவரும் விரிவுரையாளரும் செய்த ஆய்வுகளைக் கொண்டாடவென்று. அன்றைக்கு மண்டபத்தில் எல்லோரையும்விட மகிழ்ச்சியாக இருப்பவர் அவர்தான். ஆய்வு செய்தவர்கள் அவ்வளவு மகிழ்ச்சியாக இருப்பதில்லை. தங்கள் ஆய்வில் எங்கே ஓட்டை என்று அவர்களுக்குத் தெரியும். இவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

சுவரொட்டிகளின் முன்னால் அவர் நிற்கும் தூரத்தைக் கவனியுங்கள். நான் லிஃப்ட் பராமரிக்கும் எஞ்சினியர். தூரத்தைக் கண்ணாலேயே அளப்பேன். ஒன்றரை மீற்றர். அங்கிருந்து பார்த்தால் தலைப்புத் தெரியும், பெயர்கள் தெரியும், அதற்குக் கீழே எல்லாம் எறும்பு வரிசை. கைகள் பின்னால் கோத்திருக்கும். தலை மூன்று முறை ஆடும். பிறகு ஒரு கேள்வி வரும்: "எத்தின சாம்பிள்?" முப்பது என்றால், "இன்னும் கொஞ்சம் கூட்டலாம்." மூவாயிரம் என்றால், "நல்லது, இன்னும் கொஞ்சம் கூட்டலாம்." அடுத்தது, "இது காலத்தின்ர தேவை." அடுத்தது, "இது இத்தோட நிண்டுபோகக் கூடாது." எது நின்றுபோகக் கூடாது? கேட்காதீர்கள், பாவம். பின்னர் படம். மாணவியை ஒரு பக்கம், பீடாதிபதியை மறுபக்கம் நிறுத்தி, தான் நடுவில் நிற்பார். சரியாக வரைபடத்தை மறைத்துக்கொண்டு. ஆய்வுச் சுருக்கங்கள் அடங்கிய பளபளப்பான புத்தகத்தைப் பேச்சுகள் முடியும்வரை விசிறியாகவும், முடிந்தபின் தேநீரோடு தரும் பற்றிஸை வைக்கும் தட்டாகவும் பயன்படுத்துவார். ஆய்வுக்குப் பயன் இல்லை என்று யார் சொன்னது?

இந்த இனத்தில் நான் கிட்ட நின்று பார்த்தவர் பேராசிரியர் இராஜநாயகம். என் அம்மா ஜெகதீஸ்வரி வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில் ஆய்வு நாள் குழுவின் தலைவர். நல்ல மனிதர். மூன்று மாதங்களுக்கு முன் அம்மா இறந்தபோது வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மணித்தியாலம் இருந்தார். "அவ எங்கட ஆய்வுகூடத்தின்ர முதுகெலும்பு, பிள்ளை" என்றார். முதுகெலும்பு என்ன அளந்தது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அம்மா அளந்தது கால்வாய்த் தண்ணீர். பதினான்கு ஆண்டுகள், ஒவ்வொரு வியாழக்கிழமையும், வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தில் நின்று போத்தலில் நீர் எடுத்து, பஸ்ஸில் கொண்டுபோய், அதில் எவ்வளவு உப்பு, எவ்வளவு எண்ணெய், எத்தனை மலக் கிருமி என்று பார்த்து எழுதினார். யாரும் எழுதச் சொல்லவில்லை. அவர் பதவி தொழில்நுட்ப அலுவலர். சொன்னதைச் செய்யும் பதவி. போத்தல்களைக் கழுவிக் கொடுத்தவர் கொட்டாஞ்சேனை மரியகொறற்றி அக்கா. பதினான்கு ஆண்டுக் கணக்கை எடுத்துக் கோடாக வரைந்தவள் தெஹிவளை ஸும்றா, இறுதி ஆண்டு மாணவி. ஆய்வில் தன் பெயருக்குப் பக்கத்தில் அம்மாவின் பெயரையும் போட வேண்டுமென்று ஸும்றா பேராசிரியரிடம் போய் நின்றாள்.

"தொழில்நுட்ப அலுவலரை ஆய்வாளர் எண்டு போடுற வழக்கமில்லை. கீழ நன்றி எண்டு ஒரு வரி போடும்."

அம்மா இறந்த பிறகு மறுபடியும் போய் நின்றாள்.

"ஓ, இப்பப் போடலாம். இனி ஒருத்தரும் ஆட்சேபிக்க மாட்டினம்."

ஆக, அம்மா ஆய்வாளரானார். அதைப் பார்க்கத்தான் நான் அரை நாள் லீவு போட்டுப் போனேன். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அந்தக் கோட்டைப் பார்த்து நின்றால் போதும் என்று இருந்தது.

ஒன்பது மணி விழா பத்து நாற்பதுக்குத் தொடங்கியது. குத்துவிளக்கின் ஏழு திரிகளையும் ஏழு முக்கியஸ்தர்கள் ஏற்றினார்கள். எட்டாமவர் ஒருவர் வந்துவிட்டதால், எரிந்த ஒன்றை அணைத்து அவருக்குக் கொடுத்தார்கள். ஆய்வு செய்த மாணவர்கள் எங்கே? வாசலில். சேலையும் கோட்டுமாக, வருகிறவர்களுக்கு வெற்றிலை நீட்டிக்கொண்டு. ஸும்றாவும் அங்கேதான். முக்கியஸ்தர்கள் பார்த்து முடியும்வரை மாணவர்கள் தங்கள் சுவரொட்டிகளின் பக்கம் போகக்கூடாது என்பது குழுவின் கட்டளை. அழகு கெட்டுவிடுமாம். இந்த ஆண்டு இன்னொரு அழகும் சேர்ந்திருந்தது. மாணவர்கள் கொடுத்தது ஆய்வின் உடலை மட்டும். இலச்சினையும் ஆய்வாளர், அனுசரணையாளர் பெயர்களும் கொண்ட தலைப்புப் பட்டிகளைக் குழுவே ஒரே மாதிரி அச்சடித்து, காலையில் தன் கையாலேயே மேலே ஒட்டியிருந்தது.

நான் முதலில் போய் நின்றேன். "வெள்ளவத்தைக் கால்வாய்: பதினான்கு ஆண்டு நீர்." அதன் கீழே ஸும்றாவின் பெயர். பக்கத்தில் அம்மாவின் பெயர். கண் கலங்கியது. படம் எடுத்தேன். குடும்ப வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். பன்னிரண்டு இதயங்கள் வந்தன.

பிரதம விருந்தினர் வந்தார். மூன்று முறை தலையாட்டினார். "எத்தின சாம்பிள்?" என்று காற்றைக் கேட்டார். "காலத்தின்ர தேவை" என்று பேராசிரியர் காற்றுக்காகப் பதில் சொன்னார். நடுவர்கள் புள்ளி போட்டார்கள். பக்கத்துச் சுவரொட்டி ஷாமில் என்ற மாணவனுடையது: கித்துள் பனையின் இனிப்புப் பாணி சேர்த்த பிஸ்கட். அங்கே விருந்தினர் இன்னும் உருகினார். "இதை உடன சந்தைக்கு விடவேணும். பிள்ளையளுக்கு நல்ல சாப்பாடு."

எல்லோரும் பற்றிஸுக்குப் போன பிறகு மரியகொறற்றி அக்கா வந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டு, சுவரொட்டிக்கு ஒரு சாண் கிட்ட முகத்தை வைத்து, விரலால் வரி வரியாகத் தொட்டு வாசித்தார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. கடைசியில் ஒருவர்!

"தாரிகா புள்ள, இங்க வாங்களேன்."

"என்னக்கா?"

"ஒங்க அம்மா கால்வாய்த் தண்ணிய எதுக்கு நூத்தியெண்பது டிகிரில பேக் பண்ணுனாங்க?"

நான் கிட்டப் போனேன். கோதுமை மா, கித்துள் பாணி, மொறுமொறுப்பு, சுவைத்துப் பார்த்த நாற்பது பேரின் கருத்து. பக்கத்துச் சுவரொட்டிக்கு ஓடினேன். பிஸ்கட் என்ற தலைப்பின் கீழே அம்மாவின் கோடு. நூறு மில்லிலீற்றரில் எத்தனை மலக் கிருமி என்று ஆண்டு ஆண்டாக. அதைத்தான் விருந்தினர் பிள்ளைகளுக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொன்னார்.

வாசலில் இருந்த ஸும்றாவைக் கூட்டிவந்தேன். அவள் வெற்றிலைத் தட்டோடு அப்படியே நின்றாள்.

"அல்லாஹ்! மாத்தி ஒட்டிட்டாங்களே அக்கா!"

பேராசிரியரிடம் போனோம். அவர் ரோல்ஸ் ஒன்றைக் கடித்தபடி கேட்டார்.

"ஒட்டினதை இப்பக் கழட்டேலாது, பிள்ளையள். கிழிஞ்சுபோகும். தலைப்புச் சரிதானே?"

"உள்ளுக்கு இருக்கிறது பிஸ்கட் சேர்" என்றாள் ஸும்றா.

"ஆர் வாசிக்கிறது?" என்றார் அன்பாக. ஆறுதல் சொல்கிறாராம்.

மாலையில் முதல் பரிசு கால்வாய்க்கு. முறையியல் மிகத் துல்லியம் என்று நடுவர் குழு பாராட்டியது. நூற்றியெண்பது டிகிரி, பன்னிரண்டு நிமிடம், துல்லியம்தானே. பிஸ்கட்டுக்குத் தொழில்முனைவுச் சிறப்புப் பரிசு. ஷாமில் மேடையில் நின்று பேய் அறைந்தவன்போல் சிரித்தான். அம்மாவின் சான்றிதழை என் கையில் தந்தார்கள். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

உங்களுக்கு இப்போது பேராசிரியர்மேல் கோபம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. போனை எடுத்துக் குடும்பத்துக்கு எழுதப் போனேன், பாருங்கள் இந்த அநியாயத்தை என்று. அனுப்பியிருந்த படம் கண்ணில் பட்டது. பெருப்பித்தால் "கோதுமை மா" தெளிவாகத் தெரிந்தது. எடுத்தவள் நான்.

அதற்கும் மேலே, ஜனவரியில், அம்மாவின் செய்தி ஒன்று கிடந்தது. ஸும்றாவின் ஆய்வு, நாற்பது பக்கம். "நேரம் இருந்தா வாசி. 23ஆம் பக்கம் மட்டும் வாசிச்சாலும் காணும்." என் பதில் அதே நிமிடத்தில் போயிருந்தது. ஒரு கட்டைவிரல். "சூப்பர் அம்மா."

மண்டபம் வெறுமையாகும்வரை இருந்து, பிஸ்கட் தலைப்பின் கீழே ஒரு சாண் கிட்டப் போய் வாசித்தேன். பதினான்கு ஆண்டுக் கோட்டில் ஒரே ஒரு இடைவெளி. கீழே சிறிய எழுத்தில், இருபத்துமூன்றாம் பக்கத்திலிருந்து எடுத்தது என்று போட்டு, ஒரு குறிப்பு: அவ்வாரம் மாதிரி எடுக்கப்படவில்லை, அலுவலர் விடுப்பில். திகதி போட்டிருந்தது. என் பட்டமளிப்பு நாள். அன்றைக்கு அம்மா பத்து நிமிடம் பிந்தி வந்ததற்கு, உங்களுக்கு என்னைவிடப் போத்தல்தான் பெரிது என்று சொன்னவளும் நான்தான்.

வாழ்த்துகிறவர்களைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்ல. உங்களைப் போலத்தான் இருப்பார்கள். இதை வாசித்து முடித்ததும், நேராக இந்தக் கடைசிப் பந்திக்கு வந்திருந்தால் இன்னும் விரைவாக, உங்கள் விரல் ஒரு கட்டைவிரலைத் தேடும். "மனதைத் தொட்டது" என்று எழுதத் தோன்றும். எழுதுங்கள், தடையில்லை. அதற்கு முன் ஒன்று மட்டும், மேலே போய்ப் பார்க்காமல் சொல்லுங்கள்: அம்மா எந்தக் கிழமையில் தண்ணீர் எடுத்தார்?