மாமனார் துப்பாக்கியின் பெரிய வாய்

ஸ்ப்ரூஸ் ஓடை, மாண்டானா
10 நவம்பர் 1958

மதிப்பிற்குரிய மச்சான் ஹால்வர் அவர்களுக்கு, உங்கள் தங்கை சிக்னேயின் கணவன் ஒட்வின் பணிவுடன் எழுதுவது. இங்கே நான், சிக்னே, பதினான்கு கோழிகள் அனைவரும் கர்த்தர் கிருபையால் சுகம். அலாஸ்காவில் உங்கள் சுகத்துக்கும் படகின் சுகத்துக்கும் பதில் எழுதவும். கோழிகளைப் பற்றி எழுதியது முழு உண்மை இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

டிசம்பரில் தேவாலயத்து வேட்டை விருந்துக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். வந்ததும் முதல் வேலையாக உங்கள் அப்பாவின் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியைத்தான் கேட்பீர்கள். அலாஸ்காவுக்குக் கிளம்பும்போது அதை என் கையில் கொடுத்து ரயிலடியில் என்ன சொன்னீர்கள்? "மாப்ளே, அப்பா கையில எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். ஒரு திருகாணி மாறியிருந்தாலும் உன் வாசல்ல கால் வைக்க மாட்டேன்." சிக்னேவுக்கு இருக்கும் ஒரே கூடப்பிறந்தவர் நீங்கள். கொஞ்சம் உட்கார்ந்துகொண்டு படியுங்கள். திருகாணியை நான் தொடவில்லை மச்சான். துளையைத்தான் தொட்டேன். இருபத்தைந்தாம் எண் தோட்டா போன குழல் இப்போது நாற்பத்தைந்தாம் எண் தோட்டாவுக்குப் பெரிதாகிவிட்டது.

எல்லாம் அந்த விருந்தால் வந்த வினை. எல்க் மான் அடித்த வீடு கறி கொண்டுவரும், அடிக்காத வீடு மக்ரோனி கொண்டுவரும், உங்களுக்குத் தெரியாததா. பதினோரு வருஷமாக நாங்கள் மக்ரோனி. போன வருஷம் போதகர் ஜெபத்திலேயே "சிக்னே சகோதரியின் மக்ரோனிக்காகவும் நன்றி" என்று சேர்த்துவிட்டார், சபையே ஆமென் சொல்லிக்கொண்டே சிரித்தது. வீட்டுக்கு வந்ததும் சிக்னே, "ஏங்க, அந்த முயல் துப்பாக்கிய வெச்சிக்கிட்டு எல்க்கைத் தேடுறதுக்கு, நீங்க கல்லெடுத்து எறியலாம்" என்றாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. துப்பாக்கி வேலை செய்யும் கிழவர் எல்லிங்கிடம் போனேன். அவர் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார். "தம்பி, இதுக்கு உடம்பு யானைக்கு, வாய் எலிக்கு. வாயைப் பெருசாக்கிடுவோம்" என்றார். "திருகாணிகூட மாறக்கூடாதுன்னு மச்சான் கண்டிஷன் போட்டிருக்காரு" என்றேன். "யாரு, ஹால்வரா?" என்றவர் ரொம்ப நேரம் இருமினார். புகையிலை இருமல் என்று நினைத்துக்கொண்டேன்.

மூணு வாரம் கழிச்சு வாங்கப் போனேன். ஜன்னல் பக்கம் திருப்பிக் குழலுக்குள் பார்த்தேன். அடேயப்பா! உள்ளே வரிவரியாகச் சுற்றிக்கொண்டு போகிறது வெளிச்சம்! அந்த நடுங்குகிற கைக்கு இந்த வேலை எப்படி வந்தது என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. புதுத் தோட்டா ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் பருமன். வழக்கம்போல் குழலுக்கடியில், மரம் மூடுகிற இடத்தில், துளையின் பழைய அளவைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் புது அளவும், வேலை செய்யச் சொன்னவர் பெயரும், வருஷமும் பொறித்துவிட்டதாகச் சொன்னார். கழற்றிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கொல்லையில் ஒரே ஒரு தடவை சுட்டேன். நான் ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். மலை அந்தச் சத்தத்தை மூணு தடவை திருப்பிச் சொன்னது. அன்றிலிருந்து கோழிகள் முட்டையை மறந்துவிட்டன. அந்தத் துப்பாக்கியை எழுந்து நின்று கும்பிடலாம்போல இருந்தது மச்சான்.

போன சனிக்கிழமை மலையேறினேன். நாற்பது அடியில் வந்து நின்றது பாருங்கள் ஓர் ஆண் எல்க்! கொம்புக்குக் கொம்பு ஏழு கிளை, மூக்கிலிருந்து புகை, ராஜா மாதிரி. கை தானாகக் கோட்டுப் பையிலிருந்த டப்பாவுக்குப் போனது. பதினோரு வருஷப் பழக்கம். அது உங்கள் பழைய டப்பா, உள்ளே பழைய இருபத்தைந்துத் தோட்டா. புதுசெல்லாம் வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறது. பார்க்காமலே போட்டேன், துப்பாக்கியைக் கொஞ்சம் தாழ்த்தினேன், தோட்டா குழல் முழுக்க வழுக்கிக்கொண்டு போய் முனை வழியாகப் பனியில் பொத்தென்று விழுந்தது. எல்க் அதைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. அவசரமே இல்லாமல் திரும்பி நடந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை அழகை நான் பார்த்ததில்லை, அழுகையே வந்துவிட்டது.

கறந்த பால் மடி புகாது, துளைத்த குழலும் சிறுக்காது. இந்த வருஷமும் மக்ரோனிதான். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், தங்கச்சி வாசலை மட்டும் வெறுத்துவிடாதீர்கள். உங்கள் வலையில் மீனும் மனசில் பொறுமையும் நிறைய ஆண்டவரை வேண்டுகிறேன்.

தலைகுனிந்து நிற்கும்
ஒட்வின்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடுமுன் எல்லிங்கிடம் படித்துக் காட்டினேன். அவர் மறுபடி இருமினார், அப்புறம்தான் தெரிந்தது அது சிரிப்பு என்று. என் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கி, குழலுக்கடி மரத்தைக் கழற்றிக் காட்டினார். 45-க்கு மேலே, கோடு போட்டு அடித்த 25. 25-க்கும் மேலே, அடித்த 22. அந்த 25-க்குப் பக்கத்தில் 'ஹால்வர், 1938' என்று முத்து முத்தாகப் பொறித்திருக்கிறது. மாமனாரை அடக்கம் செய்தது 1936-ல் என்று சிக்னே சொல்கிறாள். ஆகவே மச்சான், மேலே கேட்ட மன்னிப்பை மறு தபாலில் திருப்பி அனுப்பவும். வரும்போது மக்ரோனியும் நீங்களே கொண்டுவரவும்.