ஏழு வேலை, ஒரு கையெழுத்து

இனிமேல் வீட்டில் ஏழே வேலைதான், எட்டாவதாக ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடுவதில்லை என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நம்மவர் முடிவெடுத்துவிட்டார். அவருக்கு உத்தியோகம் பிசினஸ் அனலிஸ்ட். அதாவது, ஒரு கம்பெனிக்குப் போய் "உங்களுக்கு என்னென்ன வேணும்?" என்று கேட்டு, அதை எழுதி, கையெழுத்து வாங்கி, கம்ப்யூட்டர்காரர்களிடம் கொடுப்பது. கையெழுத்து விழுந்தபின் பிரம்மாவே வந்தாலும் ஒரு வரி சேர்க்க முடியாது. படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தலையில் கைவைத்த மேனேஜர்கள் எத்தனையோ பேரை அவர் பார்த்திருக்கிறார். பார்த்துச் சிரித்தும் இருக்கிறார்.

வீட்டில்தான் அந்த வித்தை பலிக்கவில்லை. குழாயைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தால் பரண். பரணிலிருந்து இறங்கினால் பல்பு. ஆகவே ஏழு வேலைகளைப் பட்டியல் போட்டார். அடியில், 'கையெழுத்துக்குப் பின் மாற்றம் கிடையாது' என்று தடித்த எழுத்தில் அச்சடித்து மனைவியிடம் நீட்டினார். அம்மணி தபால் ஆபீஸ் கவுண்டரில் நாளெல்லாம் படிவங்களைப் புரட்டுகிறவர். இதையும் ஒரு புரட்டுப் புரட்டினார்.

"போடலாம், என்ன அவசரம்? அந்தக் குடோன் வேலை என்னாச்சுங்க?"

நம்மவர் முகம் சுண்டிவிட்டது. அவர் எழுதிக் கொடுத்த அறிக்கையைக் குடோன்காரர்கள் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது முறையும் திரும்பினால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று மேலதிகாரி சொல்லியாகிவிட்டது.

"எங்க தப்புன்னே தெரியல. மேனேஜர்கிட்ட பன்னெண்டு தடவை உக்காந்து பேசிட்டேன்."

"சரக்கு கட்டுறவங்ககிட்ட?"

"அவங்ககிட்ட எதுக்கு?"

"ஏங்க, நம்ம வீட்ல கத்தரிக்கோல் எங்க இருக்குன்னு உங்களைக் கேட்டா வெளங்குமா?"

விளங்காது. திங்கட்கிழமை நம்மவர் குடோனுக்குள்ளேயே போய் நின்றார். பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர், கையை நிறுத்தாமலே சொன்னார்: "திரும்பி வர்ற சரக்கைப் பத்தி உங்க பேப்பர்ல ஒரு வார்த்தை இல்லையே சார்? எங்களுக்குப் பாதி நாள் அதோடதான் போகுது."

நம்மவர் அங்கேயே நின்று எழுதினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "எழுதாம விட்டதுலதான் பாதி வேலையே இருக்கு!" என்று மனைவியிடம் குதித்தார். வியாழக்கிழமை அறிக்கை ஏற்கப்பட்டது. மேலதிகாரி கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அன்று வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நம்மவருக்கு மனைவியின் கத்தரிக்கோல் கேள்விதான் நினைவுக்கு வந்தது. எத்தனை தடவை இவள் இப்படிக் கைகொடுத்திருக்கிறாள்! ஒருநாளாவது வாய்விட்டுச் சொல்லியிருப்போமா?

"உன்னாலதான் தப்பிச்சேன்மா. நீ இல்லேன்னா நான் எதுக்குமே லாயக்கில்ல. நெஜமாத்தான் சொல்றேன்."

"அட, போதும். முகம் கழுவிட்டு வாங்க." அம்மணிக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. "நீங்க ஞாயித்துக்கிழமை குடுத்த பேப்பர்ல நான் கையெழுத்துப் போட்டுட்டேன். நீங்களும் போட்டுடுங்க."

கேட்டதையும் மறுக்காமல் செய்துவிட்டாளே என்று நம்மவர் உருகிப்போனார். மூக்குக்கண்ணாடிகூட மாட்டாமல் கையெழுத்தை இழுத்துவிட்டார்.

மறுநாள் லீவு. காலையில் அவர் கைக்கு ஒரு வாளியும் துணியும் வந்து சேர்ந்தன.

"ஜன்னலெல்லாம் துடைக்கணும். அப்புறம் பீரோவை நகர்த்தணும்."

"இதெல்லாம் ஏழுல இல்லையே!"

"எட்டாவதைப் பாருங்க."

எட்டாவதா? கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அம்மணியின் குண்டுக் கையெழுத்தில் ஒரு வரி: '8. மேலே எழுதாமல் விட்டுப்போன எல்லா வேலைகளும்.'

"ஐயோ, இதை உடனே மாத்தணும்!"

அம்மணியின் விரல் அடியில் இருந்த தடித்த எழுத்துக்குப் போனது. நம்மவர் அதை ஒருமுறை படித்தார். வாளியைத் தூக்கிக்கொண்டார். கோபம் வரும் என்று பார்த்தார், சிரிப்புதான் வந்தது.

"இவ்வளவு பக்காவா எழுத எங்கம்மா கத்துக்கிட்டே?"

"நீங்கதானே திங்கக்கிழமை குதிச்சு குதிச்சு சொல்லிக்குடுத்தீங்க. ரொம்ப நன்றிங்க. அந்தப் பெரிய ஜன்னல்லேர்ந்து ஆரம்பிங்க."