பதினொன்றுக்குப் பூஜ்யம்

'சமுதாயக் கூட்டாண்மை வழியாக மாற்றுத்திறனாளிகளுக்கான உள்ளடக்கிய விளையாட்டு விரிவாக்கத் திட்டம்' என்று ஒரு திட்டம் கோவை மண்டலத்துக்கு வந்து சேர்ந்தது. பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறவருக்குத் தனியாக ஒரு பதக்கம் கொடுக்கலாம். மற்றபடி திட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நடக்க முடியாதவர், கை இல்லாதவர், கண் தெரியாதவர் எல்லோரும் விளையாட வேண்டும். ஊர்ப் பெரிய மனிதர்கள் அவர்களோடு சேர்ந்து விளையாட வேண்டும். விளையாட வருகிற மாற்றுத்திறனாளிக்கு அரசு மொழியில் 'பயனாளி' என்று பெயர். எதிரே நிற்கிற மில் முதலாளிக்கும் நகைக்கடைக்காரருக்கும் 'கூட்டாளர்' என்று பெயர்.

பெருந்துறை லோகப்பிரியா முதல் நாளே பேர் கொடுத்துவிட்டாள். தொழிற்பேட்டையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். பதினாலு வயதில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அதற்கப்புறம் சக்கர நாற்காலி, அதற்கப்புறம் டேபிள் டென்னிஸ். இப்போது இருபத்தாறு வயது. நாற்காலியில் உட்கார்ந்தபடி அவள் அடிக்கிற அடியைப் பார்த்தால் எதிரே நிற்கிறவன் ரெண்டு அடி பின்னால் போய்விடுவான். அவளுக்கு இருந்தது ஒரே ஆசைதான்: மாநில அணியில் ஆட வேண்டும். அதற்கு நல்ல எதிராளிகள் வேண்டும். திட்டம் வந்ததும், அடடா, இனி வாரத்துக்கு ரெண்டு எதிராளியாவது கிடைப்பார்கள் என்று குதூகலப்பட்டாள். கிடைத்தார்கள். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் நாள், காந்திபுரத்தில் அச்சகம் நடத்துகிற பிராங்க் ஒரு பேங்க் மேனேஜரோடு ஆடினார். பிராங்குக்கு இடது கை முழங்கைக்குக் கீழே கிடையாது. வலது கையாலேயே மேனேஜரை மூச்சு வாங்க வைத்துவிட்டு, கடைசியில் இரண்டே புள்ளி வித்தியாசத்தில் தோற்றார். தோற்றவர் தோற்ற முகத்தோடுதானே போட்டோவில் நிற்பார்? நின்றார். போட்டோ சென்னைக்குப் போயிற்று. அங்கேயிருந்து ஒரு வரியில் கேள்வி வந்தது: 'பயனாளி ஏன் சிரிக்கவில்லை?'

மண்டல ஒருங்கிணைப்பு அலுவலர் கிருபாசங்கருக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அவர் தங்கமான மனிதர். யாரையும் 'ங்க' போடாமல் கூப்பிட்டதில்லை, வீட்டு நாயைக்கூட. தோற்றால் எரிச்சல் வரும், அடுத்த வாரம் அந்த மேனேஜரைப் பிரித்து மேய்ந்துவிடுவேன், அப்போது வேண்டுமானால் சிரிக்கிறேன் என்று சொல்ல பிராங்க் தயாராகத்தான் இருந்தார். ஆனால் பயனாளியிடம் கேட்பதற்குப் படிவத்தில் கட்டமே இல்லை. ஆகவே சுற்றறிக்கை எண் ஏழு பிறந்தது: 'இத்திட்டத்தின் கீழ் பங்கேற்கும் எந்தவொரு பயனாளியும் எக்காரணம் கொண்டும் தோல்வியுற்ற நிலையில் வீட்டுக்கு அனுப்பப்படலாகாது.'

வேறு ஊராக இருந்தால் அந்தக் காகிதம் கோப்பிலேயே படுத்துத் தூங்கியிருக்கும். நம்ம பக்கம் அப்படியா? பஸ்ஸில் காலை மிதித்தவனிடம், மிதிபட்டவன் 'தப்பா நெனச்சுக்காதீங்க' என்று சொல்கிற சீமை இது. அடுத்தவர் மனசு நோகக் கூடாது என்று அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்தால் சும்மா விடுவார்களா? தோற்றார்கள் ஐயா, தோற்றார்கள். நகைக்கடை அதிபர் பதினொன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்று அதை ரீல்ஸாகப் போட்டார். அதைப் பார்த்துப் பொறுக்காத ஒரு கல்லூரித் தாளாளர், மட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தோற்றார். ஒரு ரியல் எஸ்டேட்காரர் அன்றைக்கு ஊட்டியில் இருந்ததால் போனிலேயே தோற்றார். சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி, 'பணிவாகத் தோற்பது எப்படி' என்று ஊழியர்களுக்கு இரண்டு நாள் பயிலரங்கம் நடத்தியது. மூன்று பேர் அதில் தேறவில்லை. பழக்க தோஷத்தில் பந்தைத் திருப்பி அடித்துவிட்டார்களாம். அவிநாசி ரோட்டில் ஃபிளெக்ஸ் முளைத்தது: 'எட்டாவது முறையாகத் தோல்வி கண்ட எங்கள் அண்ணனை வாழ்த்தி வணங்குகிறோம்.' தேர்தல் சமாச்சாரம் என்று நினைத்து எதிர்க்கட்சிக்காரர்கள் லட்டு கொடுத்ததாகவும் கேள்வி.

லோகப்பிரியா நாற்பத்தொரு ஆட்டம் ஆடினாள். நாற்பத்தொன்றிலும் பதினொன்றுக்குப் பூஜ்யம். முதல் வாரம் சிரிப்பு வந்தது, அடுத்த வாரம் கொட்டாவி வந்தது, அதற்கப்புறம் வந்ததெல்லாம் ஆத்திரம்தான். கொஞ்சம் ஒழுங்காக அடியுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தாள். உங்க முன்னால நாங்கெல்லாம் எம்மாத்திரமுங்க என்று கும்பிட்டுவிட்டு மறுபடியும் வலையில் அடித்தார்கள். திட்டுகிறவனோடு சண்டை போடலாம். கும்பிடுகிறவனை என்ன செய்வது?

இதற்கிடையே மாநில அணிக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்தது. தன் ஆட்ட விவரங்களை அனுப்பி வைத்தாள். பத்தாம் நாள் தேர்வுக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. 'விண்ணப்பதாரரின் 41 ஆட்டங்களிலும் எதிராளி பெற்ற புள்ளி பூஜ்யம். மேற்படி எதிராளிகள் ஆட்டத்தின்போது உயிருடன் இருந்தனர் என்பதற்குச் சான்று இணைக்கப்படவில்லை. ஒருமுறைகூடத் தோற்காதவரின் தரத்தை அளக்க இயலாது. முறையாகத் தோற்றதற்கான சான்று ஒன்றினை இம்மாத இறுதிக்குள் சமர்ப்பிக்கத் தவறின் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.'

கடிதத்தைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூருக்குப் போனாள். என்னையும் பிராங்கையும் ஒரே ஒரு ஆட்டம் ஆட விடுங்கள், நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுவோம், யாராவது ஒருவர் நிஜமாகத் தோற்போம் என்றாள். கிருபாசங்கர் டீ வரவழைத்தார், மிக்சர் வரவழைத்தார், அப்புறம் கையைப் பிசைந்தார்.

"அதெப்படீங்க அம்மணி? அவரும் பயனாளி, நீங்களும் பயனாளி. ஆடுனா யாராச்சும் ஒருத்தர் தோத்துப்போடுவீங்களே."

"தோத்தாத் தோக்கறமுங்க. எனக்கு அதுதானே வேணும்?"

"நீங்க ஒத்துக்குவீங்க. சுற்றறிக்கை ஒத்துக்காதுங்களே."

அப்படியானால் கூட்டாளர் யாரையாவது என்னை ஜெயிக்கச் சொல்லுங்கள் என்று கேட்டாள். பயனாளி ஒருவருக்குத் தோல்வி வழங்குவதென்றால் மேலிடத்து அனுமதி வேண்டும், எழுதினால் தொண்ணூறு நாளில் பதில் வரும் என்றார் அவர். சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் மிக்சர் வைத்தார்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பெருந்துறையில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாபெரும் கூட்டாண்மை விழா. லோகப்பிரியாவுக்கு எதிராளி நூல் மில் அதிபர் செங்கோட்டையன். அறுபது வயதுக்காரர், திட்டத்தின் முதன்மைக் கூட்டாளர். நகைக்கடைக்காரரை விடப் பிரமாதமாகத் தோற்றுக் காட்டுவதென்று வைராக்கியமாக வந்திருந்தார். லோகப்பிரியாவும் வைராக்கியமாகத்தான் வந்திருந்தாள். அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. இவர் ஜெயிக்காவிட்டால், நாமே தோற்றுத் தொலைப்போம் என்று முடிவு கட்டியிருந்தாள்.

முதல் சர்வீஸ் அவளுக்கு. பந்தைத் தூக்கிப் போட்டாள், பதமாக வலையில் அடித்தாள். அவருக்கு ஒரு புள்ளி. மண்டபம் உச்சுக்கொட்டியது. இரண்டாவதும் வலை. அடுத்து அவர் சர்வீஸ். பரவாயில்லீங்க, தப்பா நெனச்சுக்காதீங்க என்று சொல்லி, இரண்டு பந்தையும் வலையில் போட்டுக் கடனைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டுக்கு இரண்டு. அவள் மறுபடி இரண்டு கொடுத்தாள், அவர் மறுபடி இரண்டு கொடுத்தார். கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு நீங்க உட்காருங்க, நீங்க உட்காருங்க என்று இழுத்துக்கொண்டு நிற்பார்களே, அந்த மாதிரி பத்துக்குப் பத்து ஆயிற்று.

இனிமேல் யாராவது ஒருவர் இரண்டு புள்ளி முந்தினால்தான் ஆட்டம் முடியும். சர்வீஸோ ஆளுக்கு ஒன்று. அவள் ஒன்று கொடுப்பாள், அவர் ஒன்று கொடுப்பார். கணக்குப்படி இந்த ஆட்டம் உலகம் உள்ளவரை முடியாது. இதை முதலில் கண்டுபிடித்தவர் சமையல்காரர் பாலுசாமிதான். அரிசிம்பருப்பு சாதம் ஆறிக்கொண்டிருந்தது. அவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, யாராச்சும் ஒருத்தர் கொஞ்சம் மரியாதை இல்லாம நடந்துக்குங்க சாமி என்று கும்பிட்டார். இருபதுக்கு இருபது. முப்பதுக்கு முப்பது. பந்து ஒரு தடவைகூட வலையைத் தாண்டவில்லை. ஆனால் கூட்டம் நாற்காலி மேல் ஏறி நின்று விசிலடித்தது. இப்படி ஒரு நெருக்கமான ஆட்டத்தை யாரும் பார்த்ததில்லை.

முப்பத்தேழுக்கு முப்பத்தேழில் செங்கோட்டையன் மட்டையை மேஜைமேல் வைத்தார். சர்க்கரை நோயாளி, பசி வேறு. முகம் சிவந்துவிட்டது.

"ஏனுங்க அம்மணி, நானும் பாத்துட்டே இருக்கறேன். வேணுமின்னே போட்டு என்னைய ஜெயிக்க வெக்கறீங்க. நாலு பேருக்கு முன்னால இப்படி அசிங்கப்படுத்தறீங்களே, நான் என்ன பாவம் பண்ணுனேன்?"

"ஒரு ஆட்டத்துக்கே உங்களுக்கு இப்படி இருக்குதுங்களே," என்றாள் லோகப்பிரியா. "எனக்கு நாப்பத்தொரு ஆட்டமுங்க."

செங்கோட்டையன் அவளைப் பார்த்தார். அப்புறம் சட்டைக் கையை மடித்துவிட்டார். காலேஜில் படிக்கும்போது மூன்று வருஷம் அவர்தான் சாம்பியன் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. மரியாதைக்காக வெளியே சொல்லாமல் இருந்திருந்தார். போடுங்க பார்ப்போம் என்றார். அவள் போட்டாள். பந்து வலையைத் தாண்டிப் பாய்ந்தது, அவர் திருப்பினார், அவள் மூலைக்கு அடித்தாள், அவர் ஓடி எடுத்தார். தோற்க வந்தோம் என்பதே லோகப்பிரியாவுக்கு மறந்துபோயிற்று. உயிரைக் கொடுத்து ஆடினாள். பதினேழாவது அடியில் அவளுடைய பந்து மேஜைக்கு ஒரு விரல்கடை வெளியே விழுந்தது. அடுத்த புள்ளியும் அவருக்கே. முப்பத்தொன்பதுக்கு முப்பத்தேழு. அவள் தோற்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது, சந்தோஷத்தில் சக்கர நாற்காலியை மேஜையைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டினாள்.

கிருபாசங்கர் மேடையில் தொப்பென்று உட்கார்ந்தார். சுற்றறிக்கையை எடுத்து மூன்று தரம் படித்தார். மூன்றாவது தரத்தில் அவர் முகம் மலர்ந்தது. தோல்வியுற்ற பயனாளியை 'வீட்டுக்கு' அனுப்பக் கூடாது என்றுதானே இருக்கிறது? வேறு எங்காவது அனுப்பலாமே. உடனே தோல்விச் சான்றில் கையெழுத்துப் போட்டார். வீடு இரண்டு தெரு தள்ளித்தான். இருந்தாலும் லோகப்பிரியாவை வீட்டுப் பக்கமே விடாமல், அம்மா பூவாத்தாளை மாற்றுத் துணியோடு மண்டபத்துக்கே வரவழைத்து, இருவரையும் நேராகச் சென்னைத் தேர்வு முகாமுக்கு ரயிலேற்றினார்.

சான்றைப் பார்த்த தேர்வுக் குழு ஆடிப்போனது. முப்பத்தொன்பதுக்கு முப்பத்தேழு! இப்படியொரு மரணப் போராட்டம் தங்கள் பதிவுகளிலேயே இல்லை என்று எழுதிக் குறித்து, அவளை நேரடியாகக் கடைசிச் சுற்றுக்கு அனுப்பியது. அணியில் ஒரே ஓர் இடம் பாக்கி. எதிரே தூத்துக்குடி ஹர்ஷா, பதினேழு வயது, மெலிந்த பிள்ளை, சக்கர நாற்காலி அவளைவிடப் பெரியதாக இருந்தது. கடைசி செட்டில் லோகப்பிரியா ஒன்பதுக்கு மூன்று என்று முன்னால் இருந்தாள். இன்னும் இரண்டே புள்ளி. சர்வீஸும் அவளிடம்தான். தலையை நிமிர்த்திப் பார்த்தாள். அந்தப் பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு அழுகையை அடக்கிக்கொண்டிருந்தது.

அவளும் நம்ம சீமைக்காரிதானே. ஐயோ பாவம், சின்னப் புள்ள, மூணோட போனா ஊருல என்ன நெனப்பாங்க என்று மனசு ஒரு கணம் இளகியது. கை தானாகத் திரும்பியது. பந்து வலையில் விழுந்தது. அடுத்த பந்தும் விழுந்தது. ஒன்பதுக்கு ஐந்து.

ஹர்ஷா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எக்கா, என்னயப் பாத்தா பாவமா இருக்கோ?"

அந்தப் பிள்ளை அதற்கப்புறம் ஆடியது ஆட்டமில்லை, பேயாட்டம். வரிசையாக ஆறு புள்ளி. பதினொன்றுக்கு ஒன்பது. அணியில் ஹர்ஷாவின் பெயரை எழுதினார்கள்.

வெளியே வருவதற்குள் கிருபாசங்கர் போனில் வந்துவிட்டார். தோத்துட்டேனுங்க என்று சொன்னாள், எப்படி என்பதையும் மறைக்காமல் சொன்னாள். அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"அந்தப் புள்ளையும் பயனாளிதானுங்களே?"

"ஆமாங்க."

"அது மனசு நோகக் கூடாதுன்னுதானே வலையில போட்டீங்க?"

"ஆமாங்க."

"அப்பச் சட்டப்படி எல்லாம் சரியாத்தான் நடந்திருக்குதுங்க அம்மணி," என்றார் கிருபாசங்கர். "கூட்டாளர் பட்டியல்ல உங்க பேரையும் சேர்த்துப்போடறேன். கூட்டாளர் தோத்தா ஊட்டுக்குப் போறதுக்குத் தடையில்லை. தாராளமா வாங்க."