அஞ்சு ரோல் லைட்டும் ஒரு முட்டை லாரியும்

தீபாவளிக்கு முந்தின நாள். மாடியில எல்இடி பட்டை லைட்டு கட்டணும். அதுக்கு ஒரு பவர் சப்ளை வாங்கணும். வேலை அவ்வளவுதான்.

"ஏனுங்க, எத்தனை ரோல் கட்டப் போறீங்க?"ன்னார் கடைக்காரர்.

"அஞ்சு. பன்னெண்டு வோல்ட்டுல விலை கம்மியா ஒண்ணு குடுங்க."

"வோல்ட்டு சரிங்க. அஞ்சு ரோலுக்கு ஆம்பியரும் வேணுமில்லீங்களா? இந்தப் பெருசை எடுத்துக்குங்க."

நான் சொந்தமா லாரி வெச்சு எருமப்பட்டியிலிருந்து கேரளாவுக்கு முட்டை அனுப்பறவன். எனக்கே கரண்டு பாடமான்னு ரோசம் வந்துருச்சு. இருக்கறதுலயே சின்னதைக் கை காட்டினேன்.

"அது ஒரு ரோலுக்குத்தான் தாங்குங்க."

காதுலயே வாங்கலை.

மாட்டி சுவிட்சைப் போட்டேன். மங்கலா எரிஞ்சுது. அப்புறம் கருகற வாசம். அப்புறம் இருட்டு.

"போய் நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வாங்க"ன்னா பொண்டாட்டி.

திரும்பப் போனா அந்தக் கடைக்காரர் சிரிப்பாரே. அதுக்கு இருட்டுலயே தீபாவளி கொண்டாடிரலாம்.

அப்பத்தான் வாசல்ல நின்ன லாரி கண்ணுல பட்டுது. விடிஞ்சதும் பாலக்காடு போகணும்னு முட்டை ஏத்தி நிறுத்தியிருந்தோம். லாரிக்கு ரெண்டு பேட்டரி, சேர்ந்தா இருபத்திநாலு வோல்ட்டு. ஒண்ணுல மட்டும் வயரைக் குடுத்தா? பன்னெண்டு! என் மூளையை நானே மெச்சிக்கிட்டேன்.

எரிஞ்சுது பாருங்க, தெருவே வந்து வேடிக்கை பார்த்துது. "கல்யாண மண்டபமாட்டம் இருக்குதுங்க"ன்னார் எதுத்த ஊட்டு அண்ணன். அந்தப் பெருமையில அணைக்காமயே படுத்துட்டேன்.

விடிகாலையில டிரைவர் காதர் பாய் வந்தார். மத்த டிரைவருங்க எல்லாம் தீபாவளிக்கு லீவு போட, நான் போறேன்னு அவரா ஒத்துக்கிட்ட மனுசன். சாவியைத் திருப்பினார். 'டக்'குன்னு ஒரு சத்தம். வேற ஒண்ணும் இல்லை.

இறங்கி வந்து பேட்டரியைப் பார்த்தார். அதுல இருந்து மாடிக்குப் போற வயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"முதலாளி, பாலக்காட்டு வியாபாரி போன் பண்ணிட்டே இருக்காருங்க. இன்னைக்கும் லேட்டானா இனிமே வேற ஆளுகிட்ட எடுத்துக்கறாராம்."

பேட்டரியில இருந்த வயரைப் புடுங்கி எறிஞ்சேன். அந்த வியாபாரி ஒருத்தரை நம்பித்தான் வண்டியே ஓடுது.

தள்ளறதுக்குத் தெருவுல இருந்த ஆம்பளைங்களைக் கூப்பிட்டேன். பாவம், ஓடி வந்தாங்க. இடுப்புல துண்டு, உடம்பெல்லாம் நல்லெண்ணெய். நானும் அதே கோலம்தான். லாரியில கையை வெச்சா கை மட்டும் போகுது, லாரி போகலை. எதுத்த ஊட்டு அண்ணன் வழுக்கி விழுந்து எந்திரிச்சார்.

"பார்த்துத் தள்ளுங்க, வண்டி ஆடினா முட்டை உடைஞ்சிரும்"னேன்.

"மொதல்ல அது ஆடட்டும் சாமி"ன்னார்.

கடைசியில ஒரு டிராக்டர்காரரைக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்து, கயிறு கட்டி இழுத்ததுக்கு அப்புறம்தான் வண்டி உறுமுச்சு.

மத்தியானம் பாய் போன் பண்ணினார்.

"வந்து சேர்ந்துட்டேனுங்க. முட்டை சேதாரமில்லீங்க. லோடு எறங்கிட்டு இருக்குது."

அப்பத்தான் எனக்கு உசிரே வந்துது. ஆனா பின்னால ஒரே இரைச்சல்.

"என்ன பாய் சத்தம்?"

"இஞ்சினுங்க. வழியில டீ குடிக்க நிறுத்தினப்பக்கூட அணைக்கலீங்க."

"பேட்டரி இந்நேரம் ஏறியிருக்கும். தைரியமா அணைங்க பாய்."

"அணைக்கறேனுங்க முதலாளி. மாடியில இருக்கற லைட்டைக் கழட்டிட்டு ஒரு போட்டோ அனுப்புங்க, பார்த்துட்டு அணைக்கறேன்."