ஒழுக்கமானியில் கை வைத்தவர்கள்

கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடை மாடியில் அன்று நிற்க இடமில்லை. பிள்ளைகளின் ஒழுக்கத்தை அளக்கும் கருவி வந்துவிட்டதாம்! பேசிப் பழகிப் பிள்ளையை அறிவதெல்லாம் பழைய காலத்து வீண் வேலை. இப்போது செப்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்தால் போதும். நூற்றுக்கு எவ்வளவு என்று திரையில் வந்துவிடும்.

கருவியைப் படைத்தவர் சென்னகேசவன். பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம். எங்கே வாங்கியது என்று கேட்பவருக்கு ஒழுக்கம் குறைவு.

அவிநாசியில் பனியன் கம்பெனி நடத்தும் மனோஜ்குமார், பத்தாம் வகுப்பு முடித்த மகள் ரித்திகாவோடு வந்திருந்தார். அவளுக்குக் கோவையில் ஆஸ்டலில் தங்கிப் படிக்க ஆசை. ஆனால் பள்ளி ஆய்வகத்தில் தோழி ஹிபா உடைத்த குடுவையைத் தான் உடைத்ததாகப் பொய் சொன்னவள் ஆயிற்றே! அதை அறிந்ததிலிருந்து அப்பாவுக்குத் தூக்கமில்லை.

"எழுவது வந்தா ஆஸ்டலு. இல்லீன்னா ஊட்டோட இரு கண்ணு" என்று சொல்லிவிட்டார்.

ரித்திகா பயந்துகொண்டே ஈரக் கையை வைத்தாள். இருபத்திரண்டு.

"ஏனுங்க டாக்டர், இத்தனை கம்மியாங்க?" மனோஜ்குமார் திரையை இன்னொரு தரம் எட்டிப் பார்த்தார்.

"கவலைப்படாதீங்க. நம்ம ஒழுக்க முகாம்ல சேத்துடுங்க." முகாம் முடித்த மாணவி ஒருத்தியை அழைத்து, அவள் கையில் விசேஷப் பொடி தேய்த்து வைக்கச் சொன்னார். தொண்ணூறு. கூட்டம் கைதட்டியது.

அந்தப் பொடியின் வாசனை ரித்திகாவுக்குத் தெரியும். தன் பையிலிருந்த முகப்பவுடரை எடுத்துக் கையில் பூசிக்கொண்டு மறுபடி வைத்தாள். தொண்ணூற்றிரண்டு.

"முகாமுக்குப் போகாமயே ஒழுக்கம் வந்துபோட்டுதுங்களே டாக்டர். இது வேர்வையைத்தானுங்க அளக்குது. பயந்த புள்ளைக்கு மார்க் கம்மி. நீங்களும் ஒருக்கா வெச்சுக் காட்டுங்க" என்றாள்.

"கண்டுபிடிச்சவன் வெச்சா மிஷின் குழம்பிருமுங்க."

விடுமா கூட்டம்? மனோஜ்குமாரே அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தகட்டில் வைத்தார். ஒன்பது.

கருவி இப்போதுதான் உண்மை பேசுகிறது என்று சிரித்தார்கள். அதையும் நம்பாதீர்கள் ஐயா! மனிதருக்கு வேர்த்திருந்தது, அவ்வளவுதான்.

படியிறங்கும்போது மனோஜ்குமார் மெல்லக் கேட்டார். "ஏங்கண்ணு அந்தப் பழிய நீ ஏத்துக்கிட்டே?"

"ஹிபா அன்னிக்குத்தான் புதுசா சேந்தாளுங்கப்பா. எல்லாரும் சிரிச்சாங்க, அழுதுபோட்டா. எனக்குத் திட்டு விழுந்தா தாங்குமுங்க. ஆனாலும் பொய் பொய்தானேன்னு, மறுநாள் டீச்சர்கிட்ட நெசத்தைச் சொல்லிப்போட்டேனுங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நேரே ஆஸ்டலுக்கு வண்டியை விட்டார்.

இந்த ஒரு கேள்வியைக் கேட்க அவருக்கு ஒரு டாக்டரும் ஒரு தகடும் தேவைப்பட்டன. பெற்றோர்களே, உங்கள் பிள்ளை உங்கள் வீட்டில்தானே இருக்கிறது? வாயைத் திறந்து கேளுங்கள். கேட்டதை மூளையில் போட்டு யோசியுங்கள். அதற்குப் பவுடர் தேவையில்லை.