பெயர் எழுதாத டப்பா

"ஒரு மாசத்துக்குப் பத்தலைன்னா, அதுக்கு ஏன் தாத்தா மாசச் சம்பளம்னு பேரு?"

கேட்டது முதலாளியின் பேத்தி. கேட்ட இடம் அவருடைய பெரிய பல்பொருள் கடையின் நட்டநடு. பில் போடும் பெண் பக்கத்து மேசைக்காரியிடம், "பாதி மாசத்துலயே சம்பளம் தீர்ந்துடுதுடி" என்று முணுமுணுத்தது குழந்தையின் காதில் விழுந்திருக்கிறது.

வரிசையில் நின்ற வாடிக்கையாளர்கள் எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் சிரித்தார். பதில் தெரியாத பெரியவர்களுக்கு வருகிற சிரிப்பு.

"பத்தும்டா கண்ணு. பத்தலைன்னு தெரிஞ்சா, தாத்தாவே எல்லாருக்கும் கூட்டிக் குடுத்துடுவேன்."

"பிராமிஸ்?"

"பிராமிஸ்."

சொல்லி முடித்த பிறகுதான் அத்தனை பேர் கேட்டுவிட்டார்கள் என்பது அவருக்கு உறைத்தது. அன்று மாலையே மேனேஜரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

மேனேஜர் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. காலையில் ஆண்டவனைக் கும்பிடாமல் வீட்டை விட்டுக் கிளம்பமாட்டார். கடைக்குள் நுழையும்போது மட்டும், மழைக்குக் கொண்டுவந்த குடையைப் போல ஆண்டவனை வாசலிலேயே விட்டுவிட்டுப் போவார். அந்த வாரம்தான் ஊழியர்கள் கூட்டமாக அவரிடம் வந்திருந்தார்கள். கடையைக் கூட்டித் துடைக்கும் அம்மாதான் எல்லோருக்குமாகப் பேசினார். "எங்களுக்காக முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

"சொல்றேன், சொல்றேன்" என்றார் மேனேஜர். அவர் 'சொல்றேன்' என்றால் 'கிளம்புங்க' என்று பொருள்.

முதலாளி விஷயத்துக்கு வந்தார். "ஒரு மாசம் நீ அவங்க சம்பளத்துல குடும்பம் நடத்திக் காட்டு. உன் மிச்சச் சம்பளம் என்கிட்ட இருக்கட்டும்."

"நானா சார்?"

"பின்ன, நானா? புதுக் கிளைக்கு ஒரு பெரிய மேனேஜர் வேணும். நடத்திக் காட்டினா அது நீதான். காட்ட முடியலைன்னா, பாப்பாகிட்டச் சொன்ன சொல்லுக்காக எல்லாருக்கும் நான் கூட்டித் தரணும். எது நல்லதுன்னு உனக்கே தெரியும்."

"வீடு சொந்த வீடுதான் சார், அதனால சமாளிச்சுடலாம்."

"அவங்க வாடகை குடுக்குறாங்கல்ல? அதையும் எடுத்துத் தனியா வச்சிடு. நியாயம்னா நியாயமா இருக்கணும்." அடுத்தவர் செலவில் என்றால் முதலாளிக்கு நியாயத்தின் மேல் தீராத பிரியம். "ஆளுங்களுக்குத் தெரியவேண்டாம். தெரிஞ்சா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நடிக்க ஆரம்பிச்சுடுவாங்க."

அந்த மாதம் மேனேஜருக்கும் ஊழியர்களுக்குத் தருகிற அதே பழுப்புக் கவர் வந்தது. வீட்டில் அதைத் திறந்து பார்த்த மனைவி, உள்ளே இன்னும் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தட்டிப் பார்த்தாள்.

"சம்பளத்தத்தான் உங்க முதலாளி குறைச்சாரு. எங்க பசியையும் சேத்துக் குறைச்சாரா?"

"ஒரு மாசம்தானே? சிக்கனமா இருந்தா ராஜாவாட்டம் வாழலாம். இந்த ஆளுங்களுக்குச் செலவு பண்ணத் தெரியல, அதான் விஷயமே."

"ராஜாவுக்கு நாளையிலருந்து டீயில சர்க்கரை கிடையாது."

கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமனார் தன் மாத்திரைச் சீட்டை மடித்து வைத்தார். "மாப்பிள்ளை, நான் வேணும்னா நாள் விட்டு நாள் மூச்சு விடவா?"

முதல் வேலையாக மேனேஜர் காரைப் பூட்டிவிட்டு நடக்கத் தொடங்கினார். பெட்ரோல் மிச்சம். ஆனால் நடந்து வந்ததில் கடைக்கு நேரமாகிவிட்டது. நேரம் தவறி வந்தால் அரைநாள் சம்பளம் பிடிக்கவேண்டும் என்று சட்டம் போட்டவர் அவரேதான்.

"சார், முதல் நாள்தானே..." என்று இழுத்தார்.

"அப்படி இழுக்குறவங்களுக்கு மறுநாளும் பிடிக்கணும்னு நீதானேப்பா எழுதியிருக்க?" என்றார் முதலாளி. எழுதித்தான் இருந்தார்.

பிடித்த பணத்தை ஈடுகட்ட, பெரிய டப்பா எண்ணெய்க்குப் பதிலாகச் சின்ன பாக்கெட்டுகளாக வாங்கச் சொன்னார். மனைவி வாங்கினாள். எண்ணெய் குறைந்தது, பணமும் குறைந்தது, எண்ணெயைவிடப் பணம் வேகமாகக் குறைந்தது.

"சின்ன பாக்கெட்டுன்னா கூட விலை வச்சிருக்கான். எந்தக் கடங்காரன் கண்டுபிடிச்ச வேலையோ!" என்று கடையிருந்த திசையை நோக்கித் திட்டினாள்.

மேனேஜர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். கையில் காசில்லாதவர்கள்தான் சின்ன பாக்கெட் வாங்குவார்கள், அவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கமாட்டார்கள் என்று கண்டுபிடித்த கடங்காரன் அவர்தான். அதற்காக முதலாளி கொடுத்த கேடயம் அவள் தலைக்கு மேலேயே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

நேரத்துக்குப் போகவேண்டுமே என்று மறுநாளிலிருந்து ஓட்டமும் நடையுமாகப் போனார். அந்த வேகத்தில் ஷூவின் அடித்தோல் வாயைப் பிளந்தது. கடை வாசலில் காவலாளி பார்த்துவிட்டு, "குடுங்க சார், என்கிட்ட பசை இருக்கு" என்று வாங்கி ஒட்டிக் கொடுத்தார். மேனேஜர் அன்று மாலை மனைவியிடம் வெற்றியோடு சொன்னார்: "பாத்தியா? ஒரு காவலாளிகிட்ட, அடுத்தவன் ஷூவுக்கு ஒட்டற அளவுக்குப் பசை மிச்சம் இருக்கு. அந்தச் சம்பளத்துல இல்லாதது என்ன?"

"அந்தப் பசையைக் கொஞ்சம் வாங்கிட்டு வாங்க. ராத்திரிக்கு அதத்தான் காய்ச்சணும்" என்றாள் மனைவி.

பாதி மாதம் ஆனபோது பில் போடும் பெண் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது. கவர் காலி. அந்த நேரம் பார்த்து அவருக்குக் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது. டாக்டரிடம் போகாமல் உப்புத் தண்ணீர் கொப்பளித்தார். கன்னம் ஒரு பக்கம் வீங்கி, யாரோ அறைந்தது போல ஆயிற்று. மனைவி கையை விரித்தாள். "மதியச் சாப்பாட்டுக்கு இனி நீங்களே ஏதாவது பாத்துக்குங்க. அப்பா மாத்திரையை நிறுத்த முடியாது."

அன்று மதியம் பசி அவரை ஊழியர்களின் சாப்பாட்டு அறைக்குத் தள்ளிக்கொண்டு போனது. அந்த அறையில் அவர் கால் வைத்து வருடங்கள் ஆகியிருந்தன. அலமாரியில் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் பெயர். 'பெயர் எழுதாத டப்பா பறிமுதல் செய்யப்படும்' என்று சுவரில் ஒட்டிய அறிவிப்பும் அவர் கைவண்ணம்தான்.

ஓரத்தில் ஒரு நீல டப்பா மட்டும் பெயரில்லாமல் இருந்தது.

"இது யாருது?" என்று அதட்டினார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தெரியல சார்" என்றார் காவலாளி.

"யாரும் எடுக்கக் காணோம் சார்" என்றாள் பில் போடும் பெண்.

"அப்படின்னா பறிமுதல்" என்று டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு மேனேஜர் தன் அறைக்குப் போனார். பறிமுதல் செய்ததைக் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். உள்ளே ஒரு மூலையில் வெள்ளைச் சோறு, இன்னொரு மூலையில் சிவப்புச் சோறு, ஓரத்தில் கொஞ்சம் பருப்பு, பாதி முட்டை.

'ரெண்டு விதச் சோறு! அதையும் எடுக்காம விட்டுட்டுப் போறாங்கன்னா எவ்வளவு கொழுப்பு இருக்கணும்!' என்று ஏப்பத்தோடு நினைத்தார்.

மறுநாளும் டப்பா அங்கேயே இருந்தது. மறுநாளும் பறிமுதல். ஒழுங்கை நிலைநாட்டும் வேலை இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. பல்வலி முற்றிய அன்று, டப்பாவில் சோறு குழையக் குழைய மசிந்திருந்தது. வலிக்கிற பல்லுக்கென்றே செய்தது போல! ஆண்டவன் தன் பக்கம்தான் என்று மேனேஜர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அது உண்மைதான். ஆண்டவன் எந்த வாசல் வழியாக வந்தார் என்பதைத்தான் அவர் கவனிக்கவில்லை.

அப்படியும் இப்படியுமாக மாதம் முடிந்தது. கையில் கொஞ்சம் சில்லறைகூட மிஞ்சியது. மதியச் சாப்பாடு ஓசி என்றால் மிஞ்சாதா? "ஜெயிச்சுட்டேன் சார்" என்று மாதம் முடிந்த அன்றே முதலாளியிடம் சொல்லிவிட்டார். கடையின் ஆண்டுவிழாக் கூட்டத்தில் பேசவேண்டியதையும் மனப்பாடம் செய்துகொண்டார். நீல டப்பாவையே மேடைக்குக் கொண்டுபோவதாகத் திட்டம். 'தினமும் ஒரு டப்பாச் சோறு கேட்பாரில்லாமல் கிடக்கும் கடையில், சம்பளம் பற்றவில்லை என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்!' இந்த இடத்தில் டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டவேண்டும். கண்ணாடி முன் தூக்கிப் பார்த்தார். நன்றாக இருந்தது.

விழா அன்று மதியம் கடைசித் தடவையாக அதைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கூட்டும் அம்மா உள்ளே வந்தார்.

"சாப்பிட்டாச்சா சார்? டப்பாவக் கழுவி வச்சிடட்டுமா?"

"ஓ, இது உன்னுதா? ஏன் இத்தனை நாளா கேக்கல?"

"என்னுது இல்ல சார். யாருதும் இல்ல, எல்லாருதும்தான். வர்றவங்க ஆளுக்கு ஒரு கைப்பிடி போட்டு வைப்போம். அந்த மாசம் யாருக்கு ரொம்ப முடியலையோ அவங்க எடுத்துக்குவாங்க. பேர் எழுதினா எடுக்கக் கூச்சப்படுவாங்கல்ல? அதான் எழுதறதில்ல."

மேனேஜர் வாயிலிருந்த கவளம் உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றது.

"அப்ப... இந்த மாசம் யாரு எடுக்கவேண்டியது?"

"இந்த மாசம் நான்தான் சார் எடுக்கணும். மக பிரசவத்துக்கு வந்திருக்கா, கையில ஒண்ணுமில்ல. ஆனா உங்களப் பாத்தா என் நிலைமையே தேவலாம்னு இருந்துச்சு. சாருக்கு விட்டுருங்கன்னு நான்தான் சொன்னேன்." அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்களுக்காகப் பேசப்போய்த்தானே சார், உங்களுக்கும் பழுப்புக் கவர் குடுத்தாங்க? காரையும் பிடுங்கிக்கிட்டு, கன்னத்துல வேற..."

"கன்னம் பல்வலிம்மா."

"எங்ககிட்டயா சார் மறைக்கிறீங்க? வீக்கம் கூடின அன்னைக்கு எல்லாரும் சோத்தக் குழைய வடிச்சுக் கொண்டாந்தோமே."

மேனேஜர் எழுந்தார். டப்பாவை அவரே கழுவினார். "நீங்க போங்கம்மா" என்று சொல்லிவிட்டு மாடியேறினார். அவர் அந்த அம்மாவை 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை.

மாடியில் முதலாளி தலை வாரிக்கொண்டிருந்தார். "என்னப்பா, பேச்சு தயாரா?"

"நான் ஜெயிக்கல சார். தோத்துட்டேன்."

"மிச்சம் வச்சிருக்கேன்னு சொன்னியே?"

"அது அவங்க சாப்பிடாம விட்டதுல மிஞ்சினது சார்." நடந்ததையெல்லாம் சொன்னார்.

முதலாளி போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இது வேற யாருக்குத் தெரியும்?"

"சோறு குடுத்தது அவங்களுக்குத் தெரியும். சோதனை விஷயம் யாருக்கும் தெரியாது சார்."

"அப்ப தெரியவே வேண்டாம். வாய மூடிக்கிட்டு மேடைக்கு வா. புதுக் கிளை உன்னுது."

மேனேஜர் கதவு வரை நடந்து போய்த் திரும்பி வந்தார். பிறகு சொன்னார்: "மேடையில நான் வாய மூடிக்குவேன் சார். ஆனா பாப்பா என்கிட்ட வந்து கேட்டா, என்னால பொய் சொல்ல முடியாது."

முதலாளி இந்த உலகத்தில் வரி அதிகாரிக்குக்கூடப் பயப்படாதவர். பேத்திக்குப் பயப்படுவார். சீப்பைக் கீழே வைத்தார்.

"புதுக் கிளைய மறந்துடு."

"சரி சார்."

மாலைக் கூட்டத்தில் முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினார். "என் பேத்தியோட கேள்வி என் தூக்கத்தக் கெடுத்துடுச்சு. உங்க கஷ்டம் என்னன்னு தெரிஞ்சுக்க, நானே யோசிச்சு ஒரு சோதனை வச்சேன். புதுக் கிளையில பெரிய பதவி தர்றேன்னு சொல்லி, நம்ம மேனேஜர உங்க சம்பளத்துல வாழவச்சேன். அவரால முடியல. என் மனசு உருகிடுச்சு!" எல்லோருக்கும் சம்பளம் கூட்டுவதாக அறிவித்தார். மாதம் முழுக்க வராவிட்டாலும், கடைசி வாரத்தின் வாசல்படி வரைக்குமாவது வரும். கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

தட்டி முடித்தவர்கள் மெதுவாக மேனேஜர் பக்கம் திரும்பினார்கள். பதவிக்காகப் போட்ட வேஷமா? அதற்கா தங்கள் சோறு? பில் போடும் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூட்டும் அம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். மேனேஜருக்கு உண்மை நாக்கு நுனி வரை வந்தது. மேடையில் வாயை மூடிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை, சாப்பாடு கட்டிய மனைவியிடம், "இன்னும் ஒரு ஆள் சாப்பாடு வையேன்" என்றார்.

"யாருக்கு?"

"பேர் கிடையாது."

கடையில் யாரும் வருவதற்கு முன்பே சாப்பாட்டு அறைக்குப் போனார். நீல டப்பாவில் சோற்றை வைத்து, மேலே ஒரு முழு முட்டையையும் வைத்து மூடி, இருந்த இடத்திலேயே தள்ளிவைத்தார். சுவரிலிருந்த தன் அறிவிப்பைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை. வெறுங்கையோடு வாசல் பக்கம் நடந்து வந்தார்.

அப்போதுதான் வேலைக்கு வந்த காவலாளி, வழக்கமான வணக்கத்தை வைக்காமல் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பசை போட்ட ஷூவின் மேல் அவர் பார்வை கொஞ்சம் தங்கியது.

"முதலாளிக்கு எவ்வளவு பெரிய மனசு, பாத்தீங்களா சார்? நீங்க மட்டும் அவர்கிட்ட வாயத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருந்தா, எங்களுக்கு இது எப்பவோ கிடைச்சிருக்கும்!"