இருபத்து நான்கு மணி நேரக் கேன்

உப்பை மீட்டே தீருவது என்று முடிவெடுத்தேன். ரத்தக் கொதிப்புக்காக அறுபத்தேழு நாட்களாக மனைவி எனக்கு ஒரு நாளைக்கு நான்கு கிராம் உப்புத்தான் அளந்து போடுகிறாள். கொதிப்போ இறங்கவில்லை. அப்படியானால் உப்பு நிரபராதி என்று வாதாடினேன். சிறுநீரகத்தையும் பார்த்துவிடுவோம், அது நன்றாக இருந்தால் பழையபடி போடுகிறேன் என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் இறங்கி வந்ததில்லை.

டாக்டர் படம் போட்டு விளக்கினார். சிறுநீரகங்கள் ஒரு நாளில் நூற்றெண்பது லிட்டரை ரத்தத்திலிருந்து வடிகட்டி, வேண்டியதைத் திரும்ப ரத்தத்துக்கே அனுப்பிவிட்டு, ஒன்றரை லிட்டரைத்தான் வெளியே தள்ளுமாம். கிரியேட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் எவ்வளவு தங்குகிறது, சிறுநீரில் எவ்வளவு போகிறது என்று பார்த்தால் வேலைத்திறன் தெரிந்துவிடும். ஒரு நாள் முழுக்கச் சேர்க்க ஒரு கேன் கொடுத்தார். வெட்கத்தில் தலைகுனிந்து வெளியே வந்தேன். மனைவி மட்டும் பின்தங்கி அவரிடம் ஏதோ கேட்டுவிட்டு வந்தாள்.

நான் கிடங்கில் சாமான் எண்ணுபவன். எண்ணிக்கை தப்பினால் எனக்குச் சோறு இறங்காது. காலை ஆறு மணிக்கு முதல் தடவையைக் கொட்டிவிட்டு, அடுத்ததிலிருந்து மறுநாள் ஆறு மணி வரை சேர்த்தேன். கேனைத் துணிப்பையில் மறைத்து வேலைக்கும் கொண்டுபோனேன். பையில் என்ன என்று காவலாளி கேட்டார். விளக்கெண்ணெய் என்றேன். அதன்பின் அவர் கேட்கவில்லை. மொத்தம் ஒன்பது தடவை. நடுவே, பூட்டிய மேசை இழுப்பறையிலிருந்து வழக்கமான உப்புக்கடலையும் தின்றேன்.

சிறுநீரகம் பிரமாதம் என்றார் டாக்டர். நான் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் அசரவில்லை.

"நான் கேட்டது வந்திருக்கா டாக்டர்?"

வந்திருந்தது. அந்த ஒரு நாளில் சிறுநீரில் போன உப்பு எட்டு கிராமாம். கொதிப்பு ஏன் இறங்கவில்லை என்று இப்போது புரிகிறது என்றார் அவர். நான் கூரையைப் பார்த்தேன்.

"நான் போட்டது நாலுதான்," என்றாள் மனைவி சாந்தமாக. "விடுங்க டாக்டர். இவருக்கு எண்ணத் தெரியாது. ரெண்டு நாள் சேர்த்ததை ஒரு நாள்னு கொண்டுவந்திருப்பார். பாவம், வயசாச்சு."

முப்பத்தெட்டு வருட வேலையில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை.

"யாருக்கு எண்ணத் தெரியாது? ஆறுலேருந்து ஆறு. ஒன்பது தடவை. ஒரு சொட்டு சிந்தலை. நீ போட்டது நாலு. காலையில ரெண்டு பிடி கடலை, சாயங்காலம் மூணு பிடி, அதுல ஒரு நாலு. ஆக எட்டு. எங்கே தப்பு?"

"தப்பே இல்லைங்க," என்று அவள் கையை நீட்டினாள்.

இழுப்பறைச் சாவியைக் கொடுத்தேன்.